மாமாவின் வயிற்றில் இல்லாத தழும்பு

மாமாவின் வயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் உலைக்குப் பக்கத்திலேயே வேலை. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றும்போது தெறிக்கிற பொறி, தடித்த உடுப்பையும் மீறி எங்காவது ஒரு சந்தில் புகுந்து சுட்டுவிடும். அதனால் மார்பிலிருந்து அடிவயிறு வரை பொட்டுப் பொட்டாகக் கருத்த தழும்புகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீஞ்சூர் வீட்டின் குழாயடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து மீன் கழுவுவார். "அம்மை போட்ட மாதிரி கீது மாமா" என்று சீண்டுவேன். "பாதி கான்ட்ராக்ட்ல வாங்குனது, பாதி பர்மனன்ட் ஆனப்புறம் வாங்குனது. எது எதுன்னு கம்பெனிக்கே தெரியாது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும்.

இருக்காதா பின்னே? எங்கள் பக்கத்தில் ஒருவன் பர்மனன்ட் ஆவதென்பது சாமானியமா? அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சாதகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டார் கேட்டதே அதைத்தான். எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் அடுத்தவர் நெல் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். ஒரு தலைமுறையில் வயலிலிருந்து ஆலைக்கு வந்து, ஆலையிலும் நிரந்தரமாகி, கழுத்தில் நாடா போட்ட அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதென்றால் ஊரே ஒதுங்கி வழிவிடும். அந்த அட்டையோடு சேர்ந்து இன்னோர் அட்டையும் வந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டை. நெடுஞ்சாலையோரத் தனியார் மருத்துவமனையில் அதைக் காட்டினால் போதும். கையிலிருந்து எதுவும் கொடுக்காமல் படுக்கலாம், எழுந்து வரலாம்.

அந்த அட்டைக்கு ஒரு தனி வாழ்க்கை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம் வண்டி இரவல் கேட்பதுபோல எங்களவர்கள் அட்டையையும் இரவல் கேட்பார்கள். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் காப்பீடு உண்டு என்று சட்டம் சொல்கிறது. சம்பளத்தில் அதற்கென்று மாதாமாதம் பிடிப்பார்கள். பிடித்ததை ஒப்பந்தக்காரர் கட்டினாரா இல்லையா என்பது வயிறு வலிக்கிற அன்றைக்குத்தான் தெரியும். மாமாவின் தம்பிக்கு அப்படித்தான் தெரிந்தது. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலையில் இருந்த அவனுக்குக் குடல்வால் அழற்சி வந்து துடித்தபோது, அவன் அட்டை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் அன்று அறுவை செய்பவர் இல்லை, சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். மாமா இரண்டாவது யோசனை செய்யவில்லை. "எங்கார்டுல சேத்துடு" என்றார்.

அண்ணனும் தம்பியும் ஒரே முகம். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்தவர்கள் அட்டையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். மாமாவின் பெயரில், மாமாவின் வயதில், தம்பியின் குடல்வாலை எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த நாள்களில் மாமா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மனிதன் ஆலைக்கு வேலைக்குப் போக முடியாதே! கூட வேலை செய்கிறவர்கள் 'நோயாளி'யைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அவரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நாங்களும் சிரித்தோம். தம்பி பிழைத்து வந்தான், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்தோம்.

அதற்கடுத்த வருஷம், ஒரு நாள் காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள். அப்போது நான் பொன்னேரியில் ஒரு செல்போன் கடையில் இருந்தேன். "நைட் ஷிப்டு முடிஞ்சி வந்தவரு நாஷ்டா கூட துன்னாம சுருண்டு படுத்துக்கினு கீறாரு. ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு வந்துட்டேன். நீ வா நைனா" என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமா ஒரு கட்டிலில் முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கிக்கொண்டு கிடந்தார். அதே மருத்துவமனை. தம்பி படுத்திருந்த அதே மாடி.

இளைஞரான பணி மருத்துவர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளைதான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிவயிற்றில் வலப்பக்கம் அழுத்திப் பார்த்தார். மாமா பல்லைக் கடித்தார். மருத்துவரின் முகத்தில் ஓர் எண்ணம் ஓடியது. அதற்குள் நர்ஸ் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டர், இவருக்கு ஏற்கெனவே அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சு. நம்ம ஆஸ்பத்திரியிலதான்." மருத்துவர் மாமாவின் சட்டையை விலக்கினார். துளை வழியாகச் செய்த அறுவை என்று பதிவில் இருந்தது. அதன் தழும்பு பொட்டளவுதான் இருக்கும். மாமாவின் வயிற்றிலோ அப்படிப்பட்ட பொட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. "இங்கதானே பண்ணிக்கினீங்க?" என்று கேட்டார்.

மாமா தலையை ஆட்டினார். ஆம் என்று ஆட்டினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மாமாவைப் பார்த்தாள். மருத்துவர் குடல்வாலைத் தன் மனத்திலிருந்து அழித்துவிட்டு, சிறுநீரகக் கல்லாக இருக்கலாம், சாப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம் என்று எழுதினார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா குனிந்து, "யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா? சொல்லிடலாம்யா" என்றாள். மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலியில் இருக்கிற மனிதனுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சொல்லாத மே. சொன்னா வேல பூடும். கேஸ் போடுவானுங்க. கல்லுதான், போயிடும். கம்முனு இரு" என்றார்.

காலை போய் நண்பகல் வந்தது. வயிற்றை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் பார்த்தார்கள். வாயு நிறைய இருக்கிறது, தெளிவாகத் தெரியவில்லை என்றார்கள். குடல்வாலைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இல்லாததாகப் பதிவான ஒன்றை யார் தேடுவார்கள்? சி.டி. எடுக்கலாம் என்றார் மருத்துவர். அதற்குக் காப்பீட்டுக்காரர்களின் முன் அனுமதி வேண்டும். கீழ்த்தளத்துக் காப்பீட்டு மேசையில் போய் நின்றேன். 'வயிற்று வலிக்கு சி.டி. ஏன் அவசியம்? விளக்கவும்' என்று பதில் கேட்டிருந்தார்கள். மேசையிலிருந்த பெண் விளக்கம் தட்டிக்கொண்டிருந்தாள். மேலே மாமாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு நான் சென்னையில் செய்கிற வேலை அந்தக் கேள்வியை அனுப்புவதுதான். மருத்துவமனைகள் அனுப்புகிற கோரிக்கைகளைப் பார்த்து, அனுமதிக்கிற, நிறுத்திவைக்கிற, விளக்கம் கேட்கிற ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். வேப்பம்பட்டில் குடியிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தலைவலிக்கு வந்தவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை படம் பிடித்துத்தான் அனுப்புவார்கள். ஓர் அட்டையில் ஊரே படுத்தால் அடுத்த ஆண்டு அந்த அட்டையின் விலை ஏறும். பெற்றோரை நீக்கு, பிரசவத்தைக் குறை என்று கம்பெனி கத்தரிக்கோலை எடுக்கும். செலவைக் கட்டுப்படுத்துவது பாவமான காரியம் அல்ல. ஆனால் ஒவ்வொரு முறை 'விளக்கவும்' என்று தட்டும்போதும் எனக்கு அந்தக் காப்பீட்டு மேசையின் முன்னால் நின்ற கால்வலி வந்துவிடுகிறது. என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கொடுத்து வைத்தவர்கள்!

பிற்பகலில் மாமாவின் ஆலையிலிருந்து பர்சனல் ஆபீசர் வந்தார். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் படுத்தால் கம்பெனி சார்பில் பழப்பையோடு ஒருவர் வந்து பார்ப்பது அந்த வருஷம்தான் தொடங்கிய வழக்கம். மரியாதைக்காகவும்தான், உண்மையிலேயே படுத்திருக்கிறானா என்று பார்க்கவும்தான். அவர் மாமாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நர்ஸ்கள் இருக்கும் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காபி வரவழைத்தார். அவர் கிளம்புகிற வழியாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. மாமாவின் வலி நின்றுவிட்டது. சட்டென்று, குழாயை மூடினாற்போல. மடக்கியிருந்த காலை நீட்டினார். "பாத்தியா, நான் சொல்லல? கல்லு எறங்கிடுச்சி" என்றார். அக்காவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படியொரு நிம்மதி. வேலையும் தப்பித்தது, ஆளும் தப்பித்தார் என்று நினைத்தேன். கீழே போய் டீ வாங்கிவரக் கிளம்பினேன். திரும்பினால் அக்காவின் முகம் வெளிறிக் கிடந்தது. அவள் என்னை நடைவழிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் போயி சொல்லிடப் போறேன்" என்றாள்.

"இப்பதான் வலி நின்னுடுச்சே அக்கா. அந்தாளு வேற அங்கியே குந்திக்கினு கீறாரு. அவரு போவட்டும், அப்பாலிக்கா டாக்டராண்ட தனியா சொல்லலாம்."

"எப்ப போவாரு?"

நான் நர்ஸ் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அந்த ஆபீசர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் யார், அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பர்மனன்ட் மாப்பிள்ளை என்று சொல்லித்தானே அவளைக் கட்டிக்கொடுத்தோம்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மேசைக்கு நடந்தாள்.

"சிஸ்டர், கம்ப்யூட்டர்ல கீற ஆளு இவரு இல்ல. போன வருசம் இங்க ஆபரேசன் பண்ணிக்கினது இவரு தம்பி. இவருக்கு அப்பெண்டிக்ஸ் உள்ளதான் கீது. டாக்டரக் கூப்புடுங்க" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கடையில் ஒரு சாமான் கேட்பதுபோலச் சொன்னாள். ஆபீசரின் கையில் காபி அப்படியே நின்றது. நர்ஸ் எழுந்து நின்றாள். "இன்னாம்மா சொல்ற நீ?" என்றார் ஆபீசர். அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "டாக்டரக் கூப்புடுங்க சிஸ்டர்" என்று அதையே மறுபடியும் சொன்னாள்.

அறுவை மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். மாமாவின் வயிற்றில் ஒவ்வொரு பொட்டாக விரலை வைத்துப் பார்த்தார். தொப்புளை விரித்துப் பார்த்தார். "எல்லாம் சுட்ட தழும்பு. அறுவைத் தழும்பு ஒண்ணுகூட இல்லையே" என்றார். பிறகு உள்ளங்கையை வைத்து வயிற்றை மெல்ல அழுத்தினார். வயிறு பலகையாக இறுகியிருந்தது. வலி நின்றது கல் இறங்கியதால் அல்ல, குடல்வால் உள்ளேயே வெடித்ததால் என்று அவர் சொன்னபோது மாமா இன்னும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ரத்தத்தில் விஷம் கலந்திருக்கும் என்றார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது மாமா அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுதுவதற்கு எனக்கு மனமில்லை.

காப்பீடு அந்த இடத்திலேயே ரத்தானது. அந்த அறுவைக்கும் அதற்குப் பின் நீண்ட படுக்கைக்கும் எப்படிப் புரட்டினோம் என்பதை விட்டுவிடுகிறேன். எல்லார் வீட்டிலும் நடக்கிற கதைதான். மாமா பிழைத்தார். ஆலை விசாரணை வைத்தது. யூனியன்காரர்கள் பேசிப் பேசி, நீக்கம் என்பதை ராஜினாமா என்று மாற்ற முடிந்ததே தவிர, வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. உடம்பு தேறியதும் மாமா தேர்வாய் கண்டிகைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் போனார், தம்பி வேலை செய்த அதே பேட்டைக்கு. தம்பி அங்கே இல்லை. வெட்கமோ, பயமோ, ஆந்திரா பக்கம் போய்விட்டான். பண்டிகைக்குக்கூட வருவதில்லை.

மாமா அக்காவை அடிக்கவில்லை, திட்டவில்லை. 'வெளம்பி' என்று பெயர் வைத்தார். உண்மை விளம்பி. "டேய், வெளம்பி ஊட்ல கீறாளா?" என்று என்னிடம் கேட்பார். கேட்கிறவர்கள் செல்லப் பெயர் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரியும். செத்துப் பிழைத்தவனுக்கு நன்றி வேண்டாம், கொஞ்சம் வெட்கமாவது வேண்டாமா? ஒரு முறை கேட்டே விட்டேன். "உயிரு போயிருந்தா கம்பெனில அவளுக்கு ஒரு வேலையாவது குடுத்திருப்பானுங்க" என்றார். அதை வேடிக்கையாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே அதைவிட மோசம். விசாரணைக்குப் பிறகு ஆலை எல்லார் அட்டையையும் புதுப்பித்தது. முகத்தை வைத்துச் சரிபார்க்கும் எந்திரம் வந்தது. மற்ற ஆலைகளும் பின்பற்றின. அட்டை இரவல் என்பது எங்கள் பக்கத்தில் அதோடு ஒழிந்தது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, அவள் கணவனும் ஒப்பந்தத் தொழிலாளிதான், அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள்: "உன் புருசன் பொழச்சிக்கினான். எங்க புருசனுங்களுக்கு இனிமே எவன் கார்டு குடுப்பான்? எல்லார் வயித்துலயும் மண்ணப் போட்டுட்டியே!" அக்கா அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் அலுவலகக் கூட்டங்களில் 'முறைகேடு குறைந்தது' என்று பெரியவர்கள் மகிழ்ந்து சொல்லும்போது அந்தப் பெண்ணின் கேள்வி எனக்குள் எழும். முறைகேட்டை நிறுத்தினோம், சரி. பிடித்த காசைக் கட்டாத ஒப்பந்தக்காரனின் முகத்தை எந்த எந்திரத்தில் வைத்துச் சரிபார்ப்பது? இதை ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். அது நம் துறை இல்லை என்றார்கள்.

ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன், வலி நின்ற பிறகு ஏன் சொன்னாய் என்று. காலையிலிருந்து துடித்தபோது பொறுத்தவள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தபோது ஏன் எழுந்தாள்? முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அவரு என்னப் பாத்து சிரிச்சாரு நைனா. கண்ணாலம் ஆன நாள்லேந்து நைட் ஷிப்டு முடிஞ்சி வந்து அந்த மனுசன் ஒரு நாளும் சிரிச்சதில்ல. அதான் பயந்துட்டேன்."

போன மாதம் மாமாவுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்ய வேண்டியிருந்தது. இப்போது குடும்பத்துக்கு அரசுக் காப்பீடு இருக்கிறது. திருவள்ளூரில் ஒரு மருத்துவமனைக்கு மூவரும் போனோம். மாமாவின் தலை முழுக்க நரைத்துவிட்டது. மேசையிலிருந்த சின்னப் பெண் அவரைக் கருவியின் முன் நிறுத்தி, கண்ணை இமைக்கச் சொல்லி முகத்தைச் சரிபார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு வழக்கமான கேள்விகள்: சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா? மாமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "இதுக்கு மின்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?" என்று கேட்டாள்.

மாமாவின் கை வயிற்றுக்குப் போனது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகும், அவர் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இல்லை, அத்தனை பேர் முன்னால் 'வெளம்பி' என்று ஏதாவது குத்திப் பேசுவாரோ என்றும் பயந்தேன். மாமா பின்னால் நின்ற அக்காவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"நீ சொல்லு மே" என்றார். "நீ சொன்னாத்தான் சரியா இருக்கும்."

அக்கா முன்னால் வந்து சொன்னாள். என்ன அறுவை, எந்த வருஷம், உள்ளே வெடித்துவிட்டது, உடனே செய்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு ஆபீசரின் முன்னால் ஒரு துளிகூட நடுங்காத அவள் குரல் இப்போது நடுங்கியது. அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அழாதீங்கம்மா, இது சின்ன ஆபரேஷன்தான்" என்றாள்.